அரசு கால்நடை மருந்தகத்தில் ஒரு பூனைக்குட்டிக்குக் கிடைத்த வைத்தியம்

சென்னிமலைப் பக்கம் போர்வை நெய்யும் தறிக்கூடம் ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். ஐப்பசி அடைமழையில் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பூனைக்குட்டி தனியாகக் கிடந்தது. தாய்ப்பூனை இரண்டு நாளாகியும் திரும்பி வரவில்லை. குட்டியின் இரு கண்களும் பீளையால் ஒட்டிக்கொண்டிருந்தன, மூக்கு அடைத்திருந்தது, வைத்த பாலைத் தொடவே இல்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் தொலைபேசியில் விசாரித்தபோது, முதல் நாள் செலவே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது என்றார்கள். வாரக்கூலியில் வீட்டு வாடகைக்கு எடுத்து வைத்தது போக என்னிடம் மீதி இருந்தது முந்நூறு ரூபாய். அதனால்தான், மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமே உரியது என்று இதுநாள் வரை நான் நினைத்திருந்த அரசு கால்நடை மருந்தகத்துக்குக் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன்.

காலை எட்டு மணிக்கே அங்கே வரிசை நின்றது. சினைப் பரிசோதனைக்கு வந்த பசுக்களும், கழிச்சல் கண்ட வெள்ளாடுகளும், காலில் காயம்பட்ட ஒரு காளைக்கன்றும் இருந்தன. ஆடு ஓட்டி வந்திருந்த பெரியம்மா ஒருவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சின்ன உசுரு, நீ முன்னால போ கண்ணு" என்று தன் இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார். பூனையைத் தூக்கி வந்ததற்காக அங்கே ஒருவரும் என்னை ஏளனமாகப் பார்க்கவில்லை என்பதை, அந்தத் தயக்கத்தாலேயே போகாமல் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மருத்துவர் குட்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி இது: "ஒண்ணு சொல்லுங்க அம்மணி, வீட்டுல ஏதாச்சும் மாத்திரை கொடுத்தீங்களா?" கொடுக்கவில்லை. ஆனால் குட்டி நடுங்குவதைப் பார்த்து, காய்ச்சல் என்று எண்ணி, முந்தின இரவு என் அம்மா பாராசிட்டமால் மாத்திரையில் கால் பாகத்தைப் பொடித்து வைத்திருந்தார். விழுங்க வைக்க முடியாததால்தான் விட்டுவிட்டோம். நம் உடல் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலுக்குப் போதிய அளவில் இல்லை என்றும், ஒரே ஒரு மாத்திரை வளர்ந்த பூனையையே கொன்றுவிடக்கூடும் என்றும் அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. வெப்பமானி 98 டிகிரி காட்டியது. நமக்கு அது சரியான சூடு. 100 முதல் 102 டிகிரி வரை இருக்க வேண்டிய பூனைக்கு அது குளிர்ச்சி. காய்ச்சல் என்று நாங்கள் நினைத்தது உண்மையில் உடல் சில்லிட்டதன் நடுக்கம்.

உடம்பு சூடாகாத குட்டிக்கு உணவு செரிக்காது என்பதால், முதலில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைக்கச் சொன்னார். பிறகு தோள்களுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் உப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மருந்தளவுக்கு எடை தெரிய வேண்டும். அங்கே இருந்த தராசோ ஆடுகளை நிறுத்துவதற்கானது, அதில் முள் நகரவே இல்லை. நல்ல வேளையாக, தறிக்கூடத்தில் நூல் நிறுக்கும் தராசில் முந்தின நாளே பார்த்திருந்தேன்: 410 கிராம். பல்லைப் பார்த்து ஆறு வார வயது என்று கணித்தவர், இந்த வயதுக்கு அது குறைவு என்றார். குட்டியைக் கொண்டு போகிறவர்கள் மளிகைக் கடைத் தராசிலாவது எடை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

மருத்துவருக்கும் ஊசிக்கும் நான் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. கண்ணுக்குப் போடும் களிம்பும் குட்டிகளுக்கான மருந்துத் திரவமும் அங்கே இருப்பில் இல்லாததால் வெளியே வாங்கினேன், இரண்டும் சேர்ந்து 185 ரூபாய். பசும்பால் கழிச்சலை உண்டாக்கும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியை மசித்து, வெதுவெதுப்பாகக் கொடுக்கச் சொன்னார். மூக்கடைத்த பூனைக்கு வாசனை எட்டாவிட்டால் பசியும் எடுக்காதாம். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்த பிறகு ஊட்டினோம். மூன்றாம் நாள் தானாக நக்கித் தின்றது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் நான் போனபோது மருத்துவர் கோமாரி தடுப்பூசி முகாமுக்குச் சென்றிருந்தார். உதவியாளர் மட்டுமே இருந்தார், குட்டியைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. முகாம் நாள்களை முன்கூட்டியே பலகையில் எழுதி வைத்தால், அரைநாள் கூலியை இழந்து வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது. இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எதுவும் அங்கே கிடையாது. இரவில் மூச்சுத் திணறினால் இந்த மருந்தகத்தை நம்ப முடியாது. மூன்று நாளில் தேறாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகும்படி மருத்துவரே சொல்லியிருந்தார். நல்ல வேளையாக அதற்குத் தேவை வரவில்லை.

சளியும் கழிச்சலும் உள்ள குட்டிக்கு நான் இனியும் முதலில் இங்கேதான் போவேன். நேற்று அதே நூல் தராசில் 760 கிராம் இருந்தது. குடற்புழு மருந்து அடுத்த வாரம் இங்கேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பூனைகளுக்கான தடுப்பூசி மட்டும் இங்கே இல்லை. அதைத் தனியாரிடம்தான் போட வேண்டும், அதற்காக வாரம் நூறு ரூபாய் எடுத்து வைத்து வருகிறேன்.