பழைய மொனிட்டர் இருண்டால்: ரியூபா, எல்.ஈ.டி பட்டியா?

கறுத்த திரையில் டோர்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பெனலில் பிழையில்லை, பின்னொளிதான் (படத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் மெல்லிய ரியூப்) போயிருக்கிறது. பவர் போர்டில் தலை வீங்கிய கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளை) இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்; பலருக்கு வேலை அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் இரண்டு வழி: வேறு ரியூப் போடுவது, அல்லது அதற்குப் பதிலாக எல்.ஈ.டி பட்டி ஒட்டுவது.

கிடைப்பது: அதே நீளம், அதே தடிப்பில் ரியூப் இப்போது அரிது. பட்டியும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போர்டும் சேர்ந்த எல்.ஈ.டி கிட்டைக் கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரிக்கலாம்.

ஆபத்து: ரியூப் மெல்லிய கண்ணாடி, கழற்றும்போதே உடையும், உள்ளே பாதரசம் வேறு. அதை எரிய வைக்க இன்வேர்ட்டர் என்ற போர்ட் பல நூறு வோல்ட் கொடுக்கும். எல்.ஈ.டியில் அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் பவர் போர்டில் மின்சாரம் தங்கியிருக்கும், பிளக்கைக் கழற்றிச் சற்றுப் பொறுத்தே கை வையுங்கள்.

வேலை: ரியூப் பழைய இன்வேர்ட்டரோடு அப்படியே பொருந்தும். பட்டியைக் குறியிட்ட இடத்தில் மட்டும் வெட்டி, பழைய இன்வேர்ட்டரைத் துண்டித்து, ஒளியை இயக்கும் வயரையும் கூட்டிக் குறைக்கும் வயரையும் தேடிப் பிடிக்க வேண்டும். பொறுமை வேண்டும், சரியா?

நிறம்: எல்.ஈ.டி சிலவேளை நீலம் தட்டும்.

நிறம் முக்கியம் என்பதால், கணினியில் போட்டோ திருத்துபவர்கள் ரியூப் தேடுங்கள். இன்வேர்ட்டரும் செத்திருந்தால், அல்லது பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் என்றால், எல்.ஈ.டிதான் என் தெரிவு.