பனானா ரைடு: வாக்குக் கொடுத்தவர் கரையில், படகு ஓட்டியவர் கடலில்

பத்து நாளாகக் குளிக்கப் போகும்போதெல்லாம் இடது காதில் வாஸ்லின் தடவிய பஞ்சை அடைத்துக்கொண்டு போகிறேன். செவிப்பறையில் சின்னக் கிழிசல். தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும் என்றார் காது மருத்துவர். எப்படி ஆயிற்று என்று கேட்டார். "பனானா ரைடு" என்றேன். வாழைப்பழ வடிவக் காற்று மிதவையில் ஆட்களை உட்கார வைத்து, ஸ்பீட் போட்டில் கயிறு கட்டிக் கடலில் இழுத்துப் போவார்களே, அந்தச் சவாரி. அவர் சிரிக்கவில்லை. "பக்கவாட்டில் விழுந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். இந்தக் கதையோடு வந்த முதல் ஆள் நான் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

காதைக்கூடத் தற்செயல் என்று விட்டுவிடலாம். மற்றதெல்லாம் தெரிந்தே செய்தது. கடற்கரைக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் ஏறுவதற்கு முன் ஒருமுறை இதைப் படித்துவிட்டால் போதும்.

விடுமுறையின் கடைசி நாள். நான், கணவர், 11 வயது மகள், நாத்தனார், அவள் கணவர் என்று ஐந்து பேர். என் கணவருக்கு முதுகு வலி, அதனால் செருப்புகளுக்கும் போன்களுக்கும் காவலாகக் கரையில் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்தது எவ்வளவு நல்லது என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் புறப்பட்டதிலிருந்து திரும்பும்வரை நிறுத்தாமல் வீடியோ எடுத்திருந்தார்.

சவாரியை விற்றவர் ஓர் இளைஞர். கழுத்தில் விசில், கையில் லேமினேஷன் செய்த படங்கள். "அக்கா, பதினஞ்சு நிமிஷம், மூணு ரவுண்டு, ஃபுல் சேஃப்டி." நான் விவரமாகத்தான் விசாரித்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். கவிழ்ப்பீர்களா என்று கேட்டேன். "நீங்க கேட்டாத்தான் கவுப்போம் அக்கா." குழந்தை வருகிறாளே? "குழந்தை இருந்தா ஸ்லோவாத்தான் போவாங்க." அந்த 'போவாங்க' காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. 'போவோம்' என்று அவர் சொல்லவில்லை. படகு அவருடையது இல்லை, ஓட்டப் போவதும் அவர் இல்லை.

தலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தோம். பணம் எடுக்கும்போதுதான் குறைந்தது ஆறு பேருக்குக் கட்ட வேண்டும் என்ற விதி வெளியே வந்தது. நாங்கள் ஏறப் போவது நான்கு பேர். மகள் ஏற்கெனவே தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் யார்தான் வாதாடுவார்கள்? முழுத் தொகையையும் கொடுத்தேன். பில் கேட்டதற்கு "வந்து வாங்கிக்கோங்க அக்கா." ஒரு நனைந்த அட்டையில் தாள் நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. என்ன நடந்தாலும் என் சொந்தப் பொறுப்பு என்று நானே எழுதிக் கொடுத்ததாக அதில் இருந்தது என்று பிறகு தெரிந்தது.

லைஃப் ஜாக்கெட்டுகள் மணலில் குவியலாகக் கிடந்தன. எனக்குக் கிடைத்ததில் ஒரு பக்கிள் உடைந்து, அந்த இடத்தில் கயிறு முடிந்திருந்தது. மகளுக்குப் போட்டது பெரியவர்களுக்கானது. தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை ஏறியது. "தண்ணில இறங்கினா சரியாயிடும்" என்றார்கள். நேர் எதிர். தண்ணீரில் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் உள்ளே இறங்குவார். கரையில் தூக்கிப் பார்த்துக் காது வரை வந்தால் கடலில் கண் வரை வரும். ஜாக்கெட்டின் உள்பக்கம் யாருக்கு, எத்தனை கிலோ எடைக்கு, எத்தனை நியூட்டன் மிதப்பு என்று அச்சிட்டிருக்க வேண்டும். 50 நியூட்டன் என்றால் சுமார் 5 கிலோவைத் தாங்கும் மிதப்பு. நீந்தத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் உதவி இருக்கும் இடத்துக்கு மட்டும் உரியது. நீச்சல் தெரியாதவருக்கு 100 அல்லது அதற்கு மேல் பாருங்கள். எங்களுடையவற்றில் எழுத்தே இல்லை, வெயிலில் வெளுத்துப் போயிருந்தது.

ஸ்பீட் போட்டில் ஒரே ஒருவர். இழுத்துப் போகும் படகில் ஓட்டுநர் முன்னால் பார்க்க வேண்டும், பின்னால் இருப்பவர்களையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் வேண்டும். இது பல நாடுகளில் சட்டம், சட்டம் இல்லாத இடத்திலும் பொது அறிவு. அந்த இரண்டாவது ஆள் இல்லை. கரையிலிருந்து விற்பனை இளைஞர் ஓட்டுநரைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். மூன்று ரவுண்டு அல்லவா, ஏன் இரண்டு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு முறை கவிழ்ந்த பிறகுதான் கணக்குப் புரிந்தது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், முதல் ஒரு நிமிடம் அருமையாக இருந்தது. கயிறு விறைத்ததும் வயிற்றுக்குள் ஏதோ தூக்கிப் போட்டது. அலை மேல் தட்டித் தட்டிப் போகும்போது மகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது, நல்ல காதில்.

அப்புறம் படகு சட்டென்று வளைந்தது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால் கல் வெளியே பாயுமே, அதே கதைதான். படகு சின்ன வட்டம் போடும்போது பின்னால் இருக்கும் மிதவை பெரிய வட்டத்தில் வீசப்படுகிறது, படகைவிட வேகமாக. பனானா குறுகலானது, அதன் மேல் நாங்கள் உயரமாக உட்கார்ந்திருக்கிறோம். உருளாமல் என்ன செய்யும்? என் இடது கன்னமும் காதும் தண்ணீரில் அறைந்தன. பலகையில் அறைந்தது போல ஒரு சத்தம், பிறகு ஒரே ரீங்காரம். வரிசையாக உட்கார்ந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்ததில் நாத்தனாரின் முழங்கால் என் தோளில் இடித்தது. அவள் மூக்குக்கண்ணாடி போயே போய்விட்டது.

மேலே வந்து முதலில் மகளைத் தேடினேன். ஆரஞ்சு ஜாக்கெட் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து "அம்மா, அம்மா" என்று குரல் மட்டும் வந்தது. நாத்தனாரின் கணவர்தான் நீந்திப் போய் ஜாக்கெட்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டார். படகோ நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் திரும்பிப் பார்க்கவே சில விநாடிகள் ஆயின. பிறகு வந்தாரே, அதுதான் எனக்கு இன்றும் கனவில் வருகிறது. இன்ஜினை அணைக்காமல் படகைப் பின்பக்கமாக எங்களை நோக்கிக் கொண்டுவந்தார். "அண்ணி, காலை இழுத்துக்கோங்க, காலை இழுத்துக்கோங்க!" என்று நாத்தனார் கத்தினாள். தண்ணீரில் ஆள் இருக்கும்போது, அதுவும் பக்கத்தில் இருக்கும்போது, புரொப்பெல்லர் சுற்றவே கூடாது.

வழுக்கும் மிதவையில் மறுபடி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. கைப்பிடி இருக்கிறது, கால் வைக்க எதுவும் இல்லை. "சீக்கிரம் ஏறுங்க, டைம் போகுது" என்று அவர் அவசரப்படுத்தினார். ஏறியதும் போதும், மெதுவாகக் கரைக்குப் போங்கள் என்று கையை உயர்த்தி ஆட்டினேன். உற்சாகம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, வேகம் கூடியது. இழுத்துப் போகும் விளையாட்டுகளுக்கென்று கைச்சைகைகள் இருக்கின்றன. கட்டைவிரல் மேலே என்றால் 'இன்னும் வேகம்', கீழே என்றால் 'மெதுவாக', கழுத்தை அறுப்பது போல் கையை இழுத்தால் 'நிறுத்து'. நாம் 'சூப்பர்' என்று காட்டும் கட்டைவிரலுக்கு அங்கே வேறு அர்த்தம். இதைப் புறப்படும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது கவிழ்ப்பு கரைக்கு மிக அருகில், இடுப்பளவுத் தண்ணீரில். முதலாவதைவிட ஆபத்தானது இதுதான், தலைகுப்புற விழுந்தால் கழுத்து தரையில் மோதும். ஏன் அங்கே கவிழ்க்கிறார்கள் என்று வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது விளங்கியது. ஆட்களை நிதானமாக இறக்க நேரம் வேண்டாம், கொட்டிவிட்டால் நடந்து போய்விடுவார்கள். அடுத்த குழு ஜாக்கெட்டுக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தது.

வீடியோவின் கணக்கு: புறப்பட்டதிலிருந்து நாங்கள் நனைந்த கோழிகளாகக் கரையேறும்வரை 8 நிமிடம். அதில் கயிறு எங்களை இழுத்தது சுமார் 4 நிமிடம். மீதி நேரம் மிதந்தோம், ஏறினோம். விற்றவரிடம் காட்டினேன். "ஜாக்கெட் போட்டதுலேருந்து கணக்கு அக்கா" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கவிழ்க்க மாட்டோம் என்றீர்களே? "நான் சொன்னேன் அக்கா, டிரைவர் கேக்கல." ஓட்டுநரிடம் போனேன். "என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல. நான் டிரிப்புக்கு இவ்வளவுன்னு ஓட்டுறேன்."

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஒருவருக்குத் தலைக்குக் கமிஷன், அதனால் எல்லாக் கேள்விக்கும் சரி என்பார். இன்னொருவருக்கு டிரிப்புக்குக் கூலி, அதனால் ஒவ்வொரு டிரிப்பும் எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு லாபம். நான் வாங்கிய வாக்குறுதி மணலிலேயே நின்றுவிட்டது, படகில் ஏறவே இல்லை. முதலாளி யார் என்று கேட்டால் இருவரும் வேறு திசையில் கை காட்டினார்கள். தங்கியிருந்த விடுதியில், வரவேற்பறைச் சுவரிலேயே இவர்களுடைய விளம்பரம் ஒட்டியிருந்தும், "அவங்க எங்க ஆளுங்க இல்ல மேடம்" என்றார்கள். அரை மணி நேரம் கத்திய பிறகு, ஏறாத இரண்டு பேருக்கான பணம் மட்டும் திரும்பி வந்தது. மூக்குக்கண்ணாடிக்கு ஈடு கேட்டதற்கு, நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைக் காட்டினார்கள். பயணக் காப்பீட்டில் கேட்கலாம் என்று பாலிசியை எடுத்துப் பார்த்தால், விலக்குகள் பட்டியலில் இழுவைச் சவாரி அழகாக உட்கார்ந்திருந்தது.

வீடியோவில் கணவர் கண்டுபிடித்த இன்னொன்று. ஸ்டீயரிங் பக்கத்தில் சுருள் சுருளாக ஒரு சிவப்பு வடம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அது கில் ஸ்விட்ச் வடம். ஒரு முனை ஓட்டுநரின் காலிலோ மணிக்கட்டிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் வடம் பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துக்கொண்டே இருக்கும், விழுந்தவர்கள் மேலேயே. 2013 மே மாதம் இங்கிலாந்தில் பாட்ஸ்டோ அருகே நடந்தது அதுதான். ஒரு குடும்பமே ஸ்பீட் போட்டிலிருந்து தூக்கி வீசப்பட்டு, அதே படகு அவர்கள் மேல் ஏறியதில் தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். வடம் மாட்டப்படவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. அன்று இரவு அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நான் தூங்கவில்லை.

ஆகவே, போகத்தான் வேண்டும் என்றால், விற்பவரிடம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். தண்ணீரில் இறங்கி ஓட்டுநரிடமே போங்கள். கவிழ்க்கக் கூடாது, குழந்தை இருக்கிறாள், கையை இப்படிக் காட்டினால் நிறுத்த வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அவர் வாயால் சரி என்று வரட்டும். வேகத்தையும் கேளுங்கள். இழுவை மிதவைகளோடு வரும் எச்சரிக்கைக் குறிப்புகளில் பெரியவர்களுக்கு மணிக்கு 32 கிலோமீட்டர், குழந்தைகளுக்கு 24 என்று உச்சவரம்பு போட்டிருப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு முழிப்பவர் ஓட்டினால் ஏறாதீர்கள். பின்னால் பார்க்க ஆள் இருக்கிறாரா, சிவப்பு வடம் மாட்டியிருக்கிறதா என்பதெல்லாம் கரையிலிருந்தே தெரியும். முந்தின குழுவின் சவாரியை முழுதாக ஒருமுறை, கடிகாரத்தோடு, பாருங்கள். நான் அதை மட்டும் செய்திருந்தால் 4 நிமிடமும் கண்ணெதிரே தெரிந்திருக்கும், இரண்டு கவிழ்ப்பும் தெரிந்திருக்கும். பணத்தில் பாதியை இறங்கிய பிறகு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. கண்ணாடி, மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். மோதிரம் கைப்பிடிக் கயிற்றில் சிக்கினால் விரலோடு போகும்.

விழுந்த பிறகு காதில் வலியோ ரீங்காரமோ கேட்பது மந்தமாகவோ இருந்தால், வீட்டில் கிடக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள், எண்ணெயும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் அது உள்காதுக்கே கெடுதல் செய்யலாம் என்றார் மருத்துவர். நான் எண்ணெய்ப் பாட்டிலைக் கையில் எடுத்திருந்தேன், நாத்தனார்தான் பிடுங்கி வைத்தாள்.

வீடியோவையும் பில் இல்லாத கதையையும் சேர்த்து அந்தக் கடற்கரையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். மகள் நன்றாக இருக்கிறாள். நீச்சல் வகுப்புக்குப் போகிறேன் என்று அவளாகவே கேட்டாள், அடுத்த வாரம் சேர்க்கிறோம். எனக்குக் காது மருத்துவரிடம் மறு பரிசோதனை மூன்று வாரம் கழித்து.