ஐந்து குறிகளோடு ஆறு வருஷம்

நிரல் பாடங்களைத் தமிழில் எழுதி வலையேற்ற ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. பாடம் எழுதிய நேரத்தைவிட < என்ற ஒற்றைக் குறியோடு மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம். அதை உலாவி எச்டிஎம்எல் டேக்கின் (பக்க அமைப்பைச் சொல்லும் குறிப்பு) தொடக்கமாக எடுத்துக்கொள்ளக்கூடும்; அதனால் இப்படிப்பட்ட குறிகளுக்குப் பதில், திரையில் அந்தக் குறியாகவே தெரியும் ஓர் எண் குறியீட்டை எழுத வேண்டும்.

முதலில் நோட்பேடில் ‘கண்டுபிடித்து மாற்று’ போட்டுக் கையாலேயே ஓட்டினேன். < இருந்த இடத்தில் &#60;, > இருந்த இடத்தில் &#62;, கடைசியாக & இருந்த இடத்தில் &#38;. அந்தக் ‘கடைசியாக’தான் வினை. ஏற்கெனவே மாற்றிய &#60; தொடங்குவதே & குறியில்தானே? அதையும் பிடித்து &#38;#60; ஆக்கிவிட்டது. பாடம் முழுக்க &#60; என்று பல்லிளித்தது. & முதலில் போக வேண்டும்; மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து ஓர் இணையக் கருவி. ஒட்டினால் நொடியில் மாற்றித் தரும். ஆனால் தமிழையும் விட்டுவைக்கவில்லை: ‘அம்மா’ என்பது &#2949;&#2990;&#3021;&#2990;&#3006; ஆனது. யூடிஎஃப்-8 என்ற வழக்கமான சேமிப்பு முறையில் 15 பைட். இப்படி எழுதினால் 35. திரையில் ஒழுங்காகத் தெரிந்ததால் மாதக்கணக்கில் கவனிக்கவே இல்லை. தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தேடி, எதுவும் வராதபோதுதான் உறைத்தது.

நாலு வருஷமாக பிஎச்பி நிரல்மொழியின் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் (htmlspecialchars) என்ற செயற்கூறுதான். & < > " ' ஐந்தோடு நிறுத்திக்கொள்கிறது, தமிழைத் தொடுவதில்லை. பழைய பதிப்புகளில் ஒற்றை மேற்கோளை நாம் தனியாகச் சொன்னால்தான் மாற்றும், 8.1இலிருந்து தானாகவே &#039; ஆக்குகிறது. சேமிக்கும்போது மூல உரையை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் காட்டும்போது மட்டும் மாற்றுகிறேன். முன்பு மாற்றியதைச் சேமித்து, ஒவ்வொரு திருத்தத்திலும் இன்னொரு #38; சேர்ந்து ரயில் பெட்டி மாதிரி நீண்ட கதை தனி. குறை என்றால், ஸ்கிரிப்டுக்குள் போகும் உரைக்கு இது உதவாது. அதற்கு ஜேசான் (JSON) என்ற தரவு வடிவமாக மாற்றும் வழி வேறு.

தமிழில் எழுதுகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘விலை<தொகை’ என்று மாற்றாமலே போட்டுப் பாருங்கள், உலாவி அப்படியே காட்டும். < குறியை ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால்தான் அதை டேக் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். தமிழ் எழுத்தோ எண்ணோ வந்தால் சும்மா விட்டுவிடும். நானும் தமிழ் வரிகளை வைத்தே சோதித்து, எல்லாம் சரி என்று இருந்தேன். ஆங்கிலப் பெயருள்ள மாறி (variable) வந்த முதல் பாடத்தில் பாதி வரி காணாமல் போனது. புதிய பாடங்களை வாசகர்களுக்குத் தெரிவிக்கும் ஓடைக்கு (feed) அந்தத் தாட்சண்யமும் கிடையாது: அது எழுதப்படும் எக்ஸ்எம்எல்லில் மாற்றாத ஒரு < இருந்தால், பின்னால் தமிழ் வந்தாலும் ஓடை மொத்தமும் படுத்துவிடும். இப்போது என் சோதனை வரியில் < குறியை ஒட்டி ஓர் ஆங்கில எழுத்து கட்டாயம் இருக்கும்.