நானூறு தட்டும் ஒரு பூதக்கண்ணாடியும்

பன்னிரண்டு வருஷமாக 1960களின் அமெரிக்க சோல் (கறுப்பினத்தவரின் ஒரு பாட்டு வகை) ரெக்கார்டுகளைச் சேர்த்து வருகிறேன். எல்லாம் ஏழு அங்குலத் தட்டுகள், பக்கத்துக்கு ஒரு பாட்டு. இன்றைய கணக்கு 412. அதில் அபூர்வம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவை நாற்பது தேறினால் அதிகம். மிச்சமெல்லாம் பிடித்து வாங்கியவை, ஏமாந்து வாங்கியவை, மொத்தமாக வாங்கிய பெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தவை. இதில் இறங்கலாமா, என்ன செலவாகும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன்.

2012இல் வேலை கிடைத்து இங்கிலாந்தின் போல்டனுக்கு வந்தபோது, சோல் என்றால் எனக்கு டெட்ராய்ட்டின் மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனிதான். அதிலும் நாலு ஹிட் பாட்டு. பக்கத்து வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர், அறுபதை நெருங்கியவர். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அகலக் கால் பேண்ட் போட்டுக்கொண்டு, தோளில் பையோடு கிளம்பினால் விடிந்துதான் திரும்புவார். ஒருநாள் பையைத் திறந்து காட்டினார். மாற்றுச் சட்டை, துண்டு, ஒரு டப்பா டால்கம் பவுடர். பவுடர் முகத்துக்கு இல்லையாம். ஆடும் மரத்தரையில் தூவினால் கால் வழுக்கிச் சுழலுமாம். அப்படித்தான் நார்தர்ன் சோல், அதாவது வடக்கத்திய சோல், என்ற உலகம் எனக்கு அறிமுகமானது.

கதை சுருக்கமாக இது. அறுபதுகளின் கடைசியில் லண்டன்காரர்கள் ஃபங்க் என்ற வேறு பாணிப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். வடக்கே ஆலைத் தொழிலாளர் ஊர்களில் மட்டும் 1965, 66 வாக்கில் வந்த வேகத்தாளப் பாட்டுகளை விடாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் சோல் ரெக்கார்டு கடை நடத்திய டேவ் காடின், வடக்கிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் கேட்பதற்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயர் வைத்து 1970இல் பத்திரிகையிலும் எழுதினார். ஆட்டம் நடந்த பேர்பெற்ற இடங்கள்: மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் பக்கம் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, கடைசியில் 1973 முதல் 1981 வரை விகன் கேசினோ. கேசினோவில் ராத்திரி முழுக்க ஆட்டம், ஆனால் மது கிடையாது. கட்டடம் இடிந்துபோய் இப்போது அந்த இடத்தில் கிராண்ட் ஆர்கேட் வணிக வளாகம் நிற்கிறது. என் மகளுக்கு ஸ்கூல் ஷூ வாங்கப் போகிறபோதெல்லாம் எனக்கு மட்டும் கொஞ்சம் காலடி குறுகுறுக்கும்.

இவர்கள் ஆடிய பாட்டுகளில் பாதி, அமெரிக்காவில் விலைபோகாதவை. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் தெருவுக்கு ஒருவர் லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி, தொடங்கி, சில நூறு தட்டு அடித்து, ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அங்கே ஊசி விழவில்லையென்றால் கதை முடிந்தது. வாஷிங்டனின் ஷ்ரைன் லேபிளைத் தொடங்கியவர்களில் ஒருவர் மோட்டவுன் முதலாளி பெரி கோர்டியின் முன்னாள் மனைவி ரெய்னோமா. அப்படியும் ஓடவில்லை. மிச்சமிருந்த தட்டுகள் 1968 கலவரத் தீயில் போய்விட்டன என்று சொல்வார்கள். இன்று ஷ்ரைன் தட்டு ஒன்று விற்பனை மேஜையில் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

இந்த உலகத்தின் கோஹினூர் ஃபிராங்க் வில்சனின் தட்டு. மோட்டவுனின் கிளை லேபிளான 'சோல்' 1965இல் அடித்து, வெளியிடாமலே அழித்தது. வில்சன் பாடகராகாமல் தயாரிப்பாளராகிவிட்டார். கைவிரலில் எண்ணக்கூடிய பிரதிகள் எப்படியோ தப்பின. ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்குப் போனது. 2020இல் ஒன்று 1 லட்சம் பவுண்டு. இதைப் படித்துவிட்டு முதலீடாக நினைத்து இறங்குகிறவர்கள் தயவுசெய்து தங்கம் வாங்குங்கள். என் 412 தட்டையும் நாளைக்கே விற்றால் போட்ட பணத்தில் முக்கால் பங்கு வரும், அதுவும் நல்ல நாளாக இருந்தால்.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வருஷத்தில் வாங்கிய சாமான்களிலேயே அதிகம் உழைத்தது பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு மடக்குக் கண்ணாடி. நகைக்கடையில் வைரம் பார்ப்பார்களே, அதே சாதனம். கூடவே ஒரு சின்ன டார்ச். பக்கத்து வீட்டுக்காரர் முதல் பாடமாகச் சொன்னது: "முதலில் பார், அப்புறம் கேள்." பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு இடையே கட்டைவிரல் அகலத்துக்கு வெறுமையான ஒரு வளையம் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அதில் கீறல் எழுத்து தெரியும். தட்டின் பிறப்புச் சான்றிதழ் அதுதான். முக்கோணம் போட்டுப் பக்கத்தில் ஒரு எண், வட்டத்துக்குள் எம்ஆர் என்று இருந்தால் லாஸ் ஏஞ்சலிஸின் மோனார்க் ஆலை. அந்த எண்ணை வைத்து எந்த மாதம் வாக்கில் அடித்தது என்று பிடித்துவிடலாம். ஏஆர்பி என்றிருந்தால் டெட்ராய்ட்டின் ஆர்ச்சர். ஆர்சிஏ ஆலையில் கூலிக்கு அடித்தது என்றால் எண்ணின் முதல் எழுத்தே வருஷம்: எஸ் என்றால் 1965, டி என்றால் 66, யு என்றால் 67. லேபிளில் வருஷமே போடாத காலம் அது. வளையம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

இந்தப் பாடத்தை நான் 180 பவுண்டு கொடுத்துத்தான் படித்தேன். 2014இல் ஒரு சந்தை மேஜையில், மாதக்கணக்காகத் தேடிய ஒரு தெற்கு அமெரிக்க மாநிலத்துத் தட்டு. கை நடுங்கியது. விற்றவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தால், அசலில் இயந்திரத்தால் அடித்திருக்க வேண்டிய 'நாஷ்வில் மேட்ரிக்ஸ்' முத்திரை இல்லை. அந்த இடத்தில் யாரோ அவசரமாகக் கையால் கீறிய எண் மட்டும். போலி. திரும்ப அழைத்தபோது, தனக்கும் யாரோ கொடுத்ததுதான் என்று சொல்லிவிட்டார். தட்டை இன்னும் வைத்திருக்கிறேன், அலமாரியில் முதல் இடத்தில்.

அடுத்து, எல்லாத் தட்டும் வினைல் என்று நினைக்காதீர்கள். மோனார்க்கும் கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியின் பிட்மன் ஆலையும் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். விளிம்பை நகத்தால் தட்டினால் வினைல் மந்தமாக ஒலிக்கும். ஸ்டைரீன் 'டக்' என்று சத்தம் போடும். தேய்ந்த ஊசி நாலு தடவை ஓடினாலே ஸ்டைரீன் பள்ளம் சிதைந்து, பாட்டோடு ஒரு 'ஸ்ஸ்ஸ்' நிரந்தரமாகச் சேர்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தட்டு பளபளவென்றுதான் இருக்கும், அதுதான் கொடுமை. ரேடியோக்காரர்கள் தொடக்கத்தைப் பிடிக்க முன்னும் பின்னும் சுழற்றியதால் முதல் ஐந்து விநாடி வெந்துபோன தட்டுகள் என்னிடம் நிறைய உண்டு. கழுவும்போதும் ஸ்டைரீனுக்கு ஆல்கஹால் கலந்த திரவத்தை நான் தொடுவதில்லை. வடிகட்டிய தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, அவ்வளவுதான். விலையுயர்ந்த கழுவும் இயந்திரம் ஒன்று வாங்கினேன். மூன்றாவது வருஷம் மோட்டார் போனது. நான் சரிசெய்யவும் இல்லை, அது இல்லாமல் தவிக்கவும் இல்லை.

தரக்குறியீடு பற்றி ஒரு வார்த்தை. மின்ட் (புத்தம் புதிது), நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்) என்று அமெரிக்காவில் ஒரு ஏணி; இங்கிலாந்தில் எக்ஸ் என்று நடுவில் இன்னொரு படி. விஜி பிளஸ் என்று போட்டிருந்தால் நான் விஜி என்று படித்துக்கொண்டு விலை பேசுவேன். பெண் பார்க்கப் போகும்போது ஜாதகத்தோடு வரும் ஃபோட்டோ மாதிரிதான் அது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் தபால் செலவு, 20 சதவீத வாட் எல்லாம் சேர்த்து, பத்து டாலர் தட்டு வாசலுக்கு வரும்போது முப்பதாகிவிடும். ஆகவே தனித்தட்டு வாங்குவதை விட்டுவிட்டேன். ஒரே விற்பனையாளரிடம் பத்துப் பதினைந்தாகச் சேர்த்து வாங்குகிறேன்.

கேட்கும் கருவியில் பெரிய ரகசியம் இல்லை. சாதாரண டர்ன்டேபிள், கூம்பு முனை ஊசி, அமெரிக்கத் தட்டின் பெரிய நடு ஓட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை. ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தான் மட்டும் கட்டாயம் இருக்கட்டும். இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ, ஸ்டீரியோ மாதிரி இடம் வலம் என்று பிரியாமல் ஒரே ஒலியாகப் பதிந்தவை. பொத்தானை அழுத்தினதும் பாதி கரகரப்பு காணாமல் போகும். ஊரில் அப்பாவிடம் இருந்த சினிமாப் பாட்டு இபி தட்டுகளுக்கு இந்த உபாயம் தெரியாமல் போய்விட்டதே என்று இப்போது வருத்தம்.

ஆராய்ச்சிதான் எனக்கு இதில் உயிர். ஆரம்பத்தில் பாட்டுக்காக வாங்கினேன். நாலைந்து வருஷத்தில் லேபிளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயர்களுக்காக வாங்கத் தொடங்கிவிட்டேன். பாடலாசிரியர், அரேஞ்சர் (வாத்தியப் பகுதிகளை அமைப்பவர்), பதிப்பக நிறுவனம் மூன்றும் அங்கே பொடி எழுத்தில் கிடக்கும். அரேஞ்சர் மைக் டெர்ரி என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். மோட்டவுனில் பாரிடோன் சாக்ஸஃபோன் ஊதிய கை அவருடையது. மோட்டவுன் வாத்தியக்காரர்கள் ராத்திரியில் திருட்டுத்தனமாக வேறு ஸ்டூடியோவில் போய் வாசித்தது ஊரறிந்த ரகசியம். பாடகர் ஜாக்கி வில்சனின் 1967 ஹிட்டுக்குக்கூட அவர்கள் சிகாகோ போய் வாசித்திருக்கிறார்கள்.

டிஸ்காக்ஸ், 45கேட் என்ற இணையப் பட்டியல்கள் முதல் படி. அதற்கப்புறம் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அச்சிட்ட பதிவுப் பட்டியல்கள். ஸ்கேன் செய்து இணையத்தில் கிடக்கின்றன. 1972க்கு முன்னால் ஒலிப்பதிவுக்கு அங்கே மத்தியக் காப்புரிமை கிடையாது, பாட்டை எழுதியவருக்குத்தான் உண்டு. அதனால் பாடியவரைத் தேடினால் சூனியம். எழுதியவரைத் தேடினால் முழுப்பெயர், பெயரின் நடு எழுத்து (இனிஷியல்), பதிவுத் தேதி எல்லாம் வரும். பில்போர்டு, கேஷ் பாக்ஸ் பழைய இதழ்களில் ஒற்றை வரி விமர்சனம் அகப்பட்டால் அது தீபாவளி. நேரில் போக வாய்ப்புள்ளவர்களுக்கு டெட்ராய்ட் பொது நூலகத்தின் ஹேக்லி சேகரிப்பு இருக்கிறது. கறுப்பின இசைக்கலைஞர்களுக்கென்று 1943இல் தொடங்கியது. நான் இன்னும் போகவில்லை. டிக்கெட் விலை பார்ப்பேன், மூடுவேன்.

இனி நீலத் தட்டு. பெயர் சொல்ல மாட்டேன். விகன் காலத்து டிஜேக்கள் போட்டி டிஜேக்களுக்குத் தெரியாமலிருக்க லேபிள்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, பாடகருக்கும் பாட்டுக்கும் பொய்ப் பெயர் வைப்பார்கள். ஃபிராங்க் வில்சனே எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் அங்கே முதலில் ஓடினார். அந்த மரபுப்படி என்னுடையது நீலத் தட்டு. டெட்ராய்ட், நீல லேபிள், வளையத்தில் ஏஆர்பி. 2017இல் ஒரு பெட்டியின் அடியில், சேலம் மாம்பழக் கூடையில் ஒன்று மட்டும் கனிந்து கிடப்பதுபோல் கிடந்தது. முன்பக்கம் சுமார். பின்பக்கத்தில் இரண்டாவது சரணம் முடிந்ததும் தாளம் எல்லாம் நின்று, அந்த ஆள் ஒரு மூச்சு இழுப்பது அப்படியே கேட்கும். அந்த மூச்சுக்காகவே நூறு தடவை போட்டிருப்பேன்.

எழுதியவரும் பாடியவரும் ஒருவரே என்று காப்புரிமைப் பட்டியலில் நடு எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு வருஷம். ஆளைத் தேட இன்னும் இரண்டு. ஆள் இல்லை, இரங்கல் குறிப்பு ஒன்று கிடைத்தது. அதிலிருந்து மகள். கடிதம் போட்டேன், அறுபது நாள் கழித்து மின்னஞ்சலில் பதில். அப்பா கார் ஆலையில் வேலை பார்த்தார், சர்ச்சில் பாடுவார், ரெக்கார்டு ஒன்று போட்டதாகச் சொல்வார், நாங்கள் யாரும் நம்பியதில்லை என்று எழுதியிருந்தார். வீட்டில் ஒரு பிரதிகூட இல்லை. மகள் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை.

அன்று ராத்திரியே கழுவி, ஊசி மாற்றி, நல்ல தரத்தில் கோப்பாக்கி அனுப்பினேன். லேபிளை இருபக்கமும் படம் எடுத்து, வளையத்து எழுத்தையும் பெரிதாக்கி அனுப்பினேன். அவர் நன்றி சொல்லி, அந்த மூச்சைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்.

என் மனைவி திரையைப் பார்த்துவிட்டு, "அது அவங்க அப்பா பாட்டுதானேங்க, தட்டையே அனுப்பிட வேண்டியதுதானே?" என்றாள். தபாலில் உடைந்துவிடும் என்றேன். நான் தபாலில் வரவழைத்த தட்டுகள் இருநூறுக்கு மேல் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது பிரதி ஒன்று கிடைத்தால் அனுப்பலாம் என்று அஞ்சு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை அகப்படவில்லை.