680 வெள்ளி கொடுத்து வைரஸ் வாங்கிட்டு வந்த கதை

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிடுங்க, டீச்சருக்கே பிழையான்னு கேக்காதீங்க. நேத்து சாயங்காலம் மூணாவது தடவையா அந்தக் கடைக்கு நியாயம் கேட்டுப் போய், மூணாவது தடவையா வெறுங்கையோட திரும்பி வந்தேன். போனது 680 வெள்ளி, அதாவது ரிங்கிட். வீட்டுக் கம்ப்யூட்டரை வைரஸ்கிட்ட இருந்து எப்படிக் காப்பாத்துறதுன்னு கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல நடந்தது.

கடைப் பேரைச் சொல்லப் போறதில்ல. சொன்னா நம்ம மேலயே கேஸ் போடுவான்னு வீட்டுக்காரர் பயப்படுறார். கோலாலம்பூர்ல கடை வரிசையில, சாப்பாட்டுக் கடைக்கும் போன் கவர் விக்கிற கடைக்கும் நடுவுல, கண்ணாடிக் கதவு போட்டு "லேப்டாப் ரிப்பேர், ஃபார்மட், டேட்டா ரெக்கவரி"ன்னு ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி ஒரு கடை. இப்படி ஒண்ணு எல்லா தாமான்லயும், அதாவது குடியிருப்புப் பகுதியிலயும், இருக்கும்.

நான் செந்தூல்ல வீட்டுலயே டியூஷன் நடத்துறேன். தமிழும் பஹாசாவும் (மலாய் மொழி). என் லேப்டாப் 2017-ல வாங்கினது, விண்டோஸ் 10. மெதுவா ஓடும், அவ்வளவுதான், மத்தபடி ஒரு குறையும் இல்ல. போன தீபாவளிக்கு முன்னாடி, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை (பாதுகாப்புப் புதுப்பிப்பு தர்றதை) நிறுத்திடுச்சு. அது உண்மை. அதுக்கப்புறம் குடும்பக் குரூப்ல வந்த ஃபார்வர்டு எல்லாம் என்ன சொன்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும். "இனி கம்ப்யூட்டர் திறந்த வீடு", "பேங்க் காசு போயிடும்". நான் பயந்துட்டேன். பயந்தவளைத்தானே ஏமாத்த முடியும்.

நவம்பர் முதல் வாரம் தூக்கிட்டுப் போனேன். கவுண்டர்ல ஒரு தம்பி, இருபத்தஞ்சு வயசு இருக்கும். நெத்தியில திருநீறு, கல்லாப்பெட்டிக்கு மேல பிள்ளையார் படம், பத்தி வாசனை. நான் யாருன்னு விசாரிச்சான். டியூஷன் டீச்சர்னு சொன்னதும் எழுந்து நின்னு நாற்காலி போட்டான். "நானும் தமிழ்ப்பள்ளிப் பையன்தான் டீச்சர். நம்ம ஆளுங்களுக்கு நான் ஏமாத்தி வேலை செய்ய மாட்டேன்"னான். அந்த வாக்கியத்தை இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. ஏமாத்துறதைப் பத்தி நான் பேசவே இல்ல. அவனா எடுத்தான்.

அப்புறம் லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினான். வரிசை வரிசையா சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமும் வந்துச்சு. "பாருங்க டீச்சர், எத்தனை எரர். எல்லாம் வைரஸ் வேலை." எனக்குக் கை நடுங்கிடுச்சு. அந்த ஜன்னலுக்குப் பேரு ஈவென்ட் வியூவராம். கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதிக்கிற நாட்குறிப்பு மாதிரி. புத்தம் புது மெஷின்லயும் சிவப்பும் மஞ்சளும் இருக்குமாம். இதைக் காட்டிப் பயமுறுத்துறது உலகம் முழுக்க இருக்கிற பழைய வித்தையாம். எனக்கு அது ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

விலை சொன்னான். ஒரிஜினல் விண்டோஸ் 11 போட 280 வெள்ளி. மூணு வருஷ ஆன்டிவைரஸ் 150. மொத்தம் 430. ஒரு ரிசிட் கிழிச்சுக் கொடுத்தான், அதுல "சர்விஸ் – 430"ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. நான் கேக்கல. டீச்சர்னு எழுந்து நின்னவன்கிட்ட எப்படிக் கேக்கறது?

மூணு நாள் கழிச்சு வாங்கிட்டு வந்து திறந்தேன். பதினஞ்சு வருஷத்துக்கு மேல சேர்த்த கேள்வித்தாள், கட்டுரைப் பயிற்சி எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருந்துச்சு. ஆனா பழசைத் திறந்தா தமிழே இல்ல. தலையில தொப்பி வெச்ச ஆங்கில எழுத்தும், கோடும், புள்ளியுமா பக்கம் பக்கமா வருது. மறுநாள் காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல போய் நின்னேன். பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு டீச்சர். வைரஸ் முன்னாடியே தின்னிருக்கு. ரெக்கவரி பண்ணலாம், 250 ஆகும்." முன்பணமா வாங்கினான். ஒரு வாரம் வெச்சிருந்தான். "முடிஞ்ச வரைக்கும் எடுத்திருக்கோம்"னு திருப்பிக் கொடுத்தான். சமீபத்துல அடிச்ச ஃபைல் எல்லாம் ஒழுங்காத் திறந்துச்சு. அதுங்க முன்னாடியும் ஒழுங்காத்தான் திறந்துச்சு! பழசு எல்லாம் அதே தொப்பி, அதே கோடு.

430-ம் 250-ம். 680 வெள்ளி. எத்தனை பிள்ளைங்களோட ஒரு மாச டியூஷன் காசுன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேணாம், அதை எழுதல.

டிசம்பர்ல ஆன்டிவைரஸ் ஒரு பெட்டி காட்டுச்சு: உங்கள் 30 நாள் சோதனைக் காலம் முடிந்தது. மூணு வருஷம்னானே! போன் அடிச்சேன். "சர்வர் பிரச்சினை டீச்சர், தானா சரியாயிடும்." நேர்ல போனேன், நியாயம் கேட்டுப் போனதுல அதுதான் முதல் தடவை. அந்தத் தம்பி இல்ல. வேற ஒருத்தன் போன்ல கேம் விளையாடிக்கிட்டே, தலையைத் தூக்காம, "சாஃப்ட்வேருக்கு வாரன்டி கிடையாதுக்கா"ன்னு சுவத்தைக் காட்டினான். காலண்டருக்குப் பின்னாடி பாதி மறைஞ்சு ஒரு அட்டை தொங்குது.

அதுக்கடுத்த வாரம் ஒரு பிள்ளையோட அம்மா கூப்பிட்டாங்க. "டீச்சர், ஃபேஸ்புக்ல அவசரமா காசு கேட்டிருந்தீங்களே, 200 அனுப்பிட்டேன், வந்துச்சா?" எனக்கு ஒண்ணும் புரியல. என் கணக்குல உள்ளே போகப் பார்த்தா பாஸ்வேர்டு மாறியிருக்கு. யாரோ என் பேர்ல, என் படத்தோட, என்னை நம்புற பெற்றோர்கிட்ட எல்லாம் கை நீட்டியிருக்கான். அந்த அம்மா உடனே பேங்குக்குச் சொல்லி, மோசடிப் புகாருக்கான 997-க்குப் போன் அடிச்சு, போலீஸ் ரிப்போர்ட்டும் போட்டாங்க. காசு இன்னும் வரல. அந்த 200-ஐ நான்தான் கொடுத்தேன், வாங்கவே மாட்டேன்னாங்க, மேசையில வெச்சுட்டு வந்தேன். 680-ல நான் அதைச் சேர்க்கல.

கிறிஸ்மஸ் லீவுக்கு அக்கா மகன் பட்டர்வொர்த்துல இருந்து ரயில் ஏறி வந்தான். பினாங்குல ஒரு ஃபேக்டரியில கம்ப்யூட்டர் பிரிவுல வேலை. "காட்டுங்க சின்னம்மா"ன்னு உட்கார்ந்தான். அஞ்சு நிமிஷத்துல முகம் மாறிடுச்சு.

ஒரு கட்டளை அடிச்சான். விண்டோஸ் ஆக்டிவேஷன் இன்ன தேதியோட காலாவதின்னு ஒரு தேதி வந்துச்சு. காசு கொடுத்து வாங்கின விண்டோஸா இருந்தா நிரந்தரம்னுதான் வருமாம். தேதி வந்தா, வீட்டுக் கம்ப்யூட்டர்ல அது திருட்டு ஆக்டிவேட்டர் போட்ட வேலையாம், அதாவது காசு கட்டாமலே கட்டின மாதிரி விண்டோஸை நம்ப வைக்கிற சாஃப்ட்வேர். ஒரு தடவை போட்டா 180 நாளைக்குச் செல்லுமாம், அது முடியறதுக்குள்ள தன்னைத்தானே புதுப்பிச்சுக்குமாம். ஆக, ஒரிஜினல் இல்ல. என் லேப்டாப் இன்டெல் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 பொதுவா எட்டாம் தலைமுறையில இருந்துதான் ஏத்துக்கும். அந்தச் சோதனையையும் கடைக்காரன் ஏமாத்திப் போட்டிருக்கான்.

அடுத்ததுதான் பெருசு. அக்கா மகன் அந்த 30 நாள் ஆன்டிவைரஸை எடுத்துட்டு, விண்டோஸோடவே இலவசமா வர்ற ஆன்டிவைரஸான டிஃபெண்டரைத் திறந்து காட்டினான். பச்சை டிக். எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுது. "இதைப் பாருங்க சின்னம்மா"ன்னு உள்ள போனான். எக்ஸ்க்ளூஷன்னு ஒரு பட்டியல். இதுல எழுதியிருக்கிற இடத்தைச் சோதிக்காதேன்னு டிஃபெண்டருக்குச் சொல்ற பட்டியல் அது. அதுல ஒரே ஒரு வரி: சி டிரைவ். விண்டோஸே இருக்கிற முழு சி டிரைவ்! திருட்டு ஆக்டிவேட்டரை டிஃபெண்டர் பிடிச்சு அழிச்சிடும்னு, மொத்த வீட்டுக்கும் காவல்காரனைக் கண்ணை மூடிக்கச் சொல்லியிருக்கான். டிக் மட்டும் பச்சையா எரிஞ்சுக்கிட்டு இருக்கு. நான் காசு கொடுக்கறதுக்கு முன்னாடி என் லேப்டாப்ல டிஃபெண்டர் ஒழுங்கா வேலை செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. 680 வெள்ளி கொடுத்து அதை நிறுத்தி வாங்கிட்டு வந்திருக்கேன்.

பிரௌசர்ல சேமிச்சு வெச்ச பாஸ்வேர்டை எல்லாம் அந்த ஆக்டிவேட்டரோட வந்த ஏதோ ஒண்ணு அள்ளிக்கிட்டுப் போயிருக்கும்னு அக்கா மகன் சொல்றான். அடிச்சுச் சொல்ல முடியாதாம், ஆனா இந்த மாதிரித் திருட்டு ஆக்டிவேட்டரோட அப்படிப்பட்டது ஒட்டிக்கிட்டு வர்றது ரொம்ப சகஜமாம். நல்லவேளை, பேங்க் எல்லாம் நான் போன்லதான் பார்ப்பேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு, என் வயித்தெரிச்சலுக்கு உச்சம். "கரப்ட்" ஆன ஃபைலை அவன் பார்த்தான், சிரிச்சான். "சின்னம்மா, இதெல்லாம் யூனிகோடுக்கு முன்னாடி அடிச்சதா?" ஆமா. யூனிகோடுங்கறது இப்ப எல்லா கம்ப்யூட்டரும் புரிஞ்சுக்கிற எழுத்து முறை. அப்போ முரசு அஞ்சல்ங்கிற தமிழ் சாஃப்ட்வேர்ல, திஸ்கிங்கிற பழைய எழுத்து முறையில அடிச்சது. நம்ம மலேசியாவுலயே முத்து நெடுமாறன் செஞ்சது, நம்ம தலைமுறை டீச்சருங்க பல பேர் அதுலதான் தமிழ் அடிக்கக் கத்துக்கிட்டோம். ஃபார்மட் பண்ணும்போது அந்த எழுத்துரு போயிடுச்சு. எழுத்துரு இல்லாட்டி திஸ்கி ஃபைல் தொப்பி வெச்ச ஆங்கிலமாத்தான் தெரியும். வீட்டுல இருந்த பழைய சிடியில இருந்து எழுத்துருவை எடுத்துப் போட்டான். அவ்வளவுதான். மொத்தக் கேள்வித்தாளும் கண் முன்னாடி வந்து நின்னுச்சு, ஒரு புள்ளி குறையாம. வைரஸ் ஒரு எழுத்தைக்கூடத் தின்னல.

இதுக்குத்தான் 250 வெள்ளி "ரெக்கவரி". ஒரு வாரம் அவன் என்னத்தைப் பார்த்தான்? தமிழ்ப்பள்ளியில படிச்சவன், திறக்கிற ஃபைல்ல தமிழ் இருக்கு, திறக்காத ஃபைல்ல வேற என்னமோ இருக்குன்னு கூடவா பார்க்க மாட்டான்? ஒண்ணு, அவன் தமிழ்ப்பள்ளியில படிச்சது பொய். இல்ல, ஃபைல் கெட்டுப் போச்சுங்கறது பொய். எது பொய்னு அவன்கிட்டயே கேக்கணும்னுதான் ரெண்டாவது தடவை போனேன்.

போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். அதே தம்பி இருந்தான். இந்தத் தடவை நாற்காலி இல்ல. "உங்க டியூஷன் பிள்ளைங்க கேம் ஏத்தியிருப்பாங்க." என் லேப்டாப்பை எந்தப் பிள்ளையும் தொட்டதில்லப்பா. "அப்ப நீங்க கண்ட லிங்க்கை அமுக்கியிருப்பீங்க டீச்சர்." சி டிரைவை நானா போய் பட்டியல்ல எழுதினேன்? "அதெல்லாம் பாஸ்கிட்டதான் பேசணும்." பாஸ் நம்பர் கொடு. "பாஸ் நம்பர் கொடுக்க மாட்டார்." வாட்ஸ்அப்ல போட்டேன், நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

நேத்து மூணாவது தடவை. பாஸ் தண்ணீர்ப் பந்தல் வேலையா பத்துமலைக்குப் போயிட்டாராம். "தைப்பூசம் முடிஞ்சு வாங்க டீச்சர்." என் காசுல மோர் கொடுத்துப் புண்ணியம் தேடுறார் போல, இருக்கட்டும்.

அக்கா மகன் எல்லாத்தையும் அழிச்சுட்டு, மைக்ரோசாஃப்டோட சொந்தத் தளத்துல இருந்து விண்டோஸ் 10-ஐப் பென் டிரைவ்ல இறக்கிப் போட்டான். லைசென்ஸ் நம்பர் கேக்கவே இல்ல. இந்த மெஷினுக்கு 2017-லயே உரிமை பதிஞ்சிருக்காம். அப்புறம் மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சு, செட்டிங்ஸ் பேக்கப்பைப் போட்டுவிட்டு, நீட்டிப்புப் பாதுகாப்புக்குப் பதிஞ்சான். 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். செலவு? ஒரு சென் இல்ல. கடைக்காரன் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் 50 வெள்ளி சந்தோஷமா கொடுத்திருப்பேன்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், ஆனா அஞ்சு மணி ஆகப் போகுது, பிள்ளைங்க வந்துடுவாங்க. அவசரமா ரெண்டு மூணு சொல்லிடறேன். கடையில இருந்து வந்ததும் டிஃபெண்டர்ல அந்த எக்ஸ்க்ளூஷன் பட்டியலைத் திறந்து பாருங்க, நீங்க எழுதாதது ஏதாவது இருந்தா அப்பவே சண்டை போடுங்க. பச்சை டிக்கை நம்பாதீங்க. ரிசிட்ல "சர்விஸ்"னு எழுத விடாதீங்க, என்னென்ன, எத்தனை வருஷம்னு எழுதி வாங்குங்க. பாஸ்வேர்டு மாத்துறதா இருந்தா அந்தக் கம்ப்யூட்டர்ல மாத்தாதீங்க, போன்ல மாத்துங்க, எல்லா இடத்துல இருந்தும் வெளியேறுன்னு ஒரு பொத்தான் இருக்கும், அதையும் அமுக்குங்க. ஃபைலைக் கொடுக்கறதுக்கு முன்னாடி பென் டிரைவ்ல ஒரு பிரதி, பழைய தமிழ் ஃபைல் இருந்தா எழுத்துருவோட சேர்த்து.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல மனு போட 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேணாம். பாரத்தை எடுத்து வெச்சிருக்கேன். தொகைன்னு இருந்த கட்டத்துல 680-னு மட்டும் எழுதியிருக்கேன். மிச்சத்தைப் பிள்ளைங்க போனப்புறம் நிரப்பணும். கேட்டைத் தட்டுறாங்க, வர்றேன்.