டபுள் டிலைட் ரோஜா: புதுச்சேரி மாடிக்கு எத்தனை மார்க்?

தை, மாசிக்குப் பத்துக்கு ஒன்பது. சித்திரை, வைகாசிக்கு மூன்று போட்டாலே தாராளம். இரண்டும் ஒரே செடிக்குத்தான். புதுச்சேரியில் இதை வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் அதுவே.

1977இல் அமெரிக்காவில் வெளிவந்த ஹைப்ரிட் டீ (நீண்ட காம்பில் பெரிய பூ விடும் கலப்பின ரோஜா வகை) ரகம் இது. கிரனாடா, கார்டன் பார்ட்டி என்ற இரண்டு ரோஜா ரகங்களையும் கலப்பினம் செய்து உருவாக்கியது. மொட்டு பிரியும்போது பாலாடை நிறம், ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு. வெயில் பட்ட இதழெல்லாம் மெல்லச் சிவந்து, உதிரப்போகும் நேரத்தில் நடுவில் மட்டும் கொஞ்சம் வெண்மை மிஞ்சும். காரம் கலந்த இனிப்பு வாசனை, அதுவும் தாராளமாக.

"படத்தில் இருந்த சிவப்பு வரவே இல்லை" என்பதுதான் இதன் மேல் வருகிற முதல் புகார். உரம் போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை. இந்தச் சிவப்பைக் கொண்டுவருவது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். பச்சை நிழல்வலைக்கு அடியிலோ, ஷீட் போட்ட கொட்டகையிலோ வைத்தால் பூ வெளுத்துத்தான் வரும். அதே சமயம் நம் ஊர் மே மாத மாடியில் நாள் முழுக்க நிறுத்தினால் இதழ் எண்ணிக்கை குறைந்து, பூ சிறுத்து, இரண்டே நாளில் உதிரும். கிழக்கு வெயில் ஒரு மணி வரை நேராக விழுந்து, பிறகு சுவர் நிழல் சேருகிற இடம்தான் இதற்கு ஏற்றது.

அடுத்தது நிஜமான நோவு. மொட்டு முழுசாக வளர்ந்திருக்கும், விரியாது. விரிந்தாலும் இதழ் ஓரம் இஸ்திரிப் பெட்டி சுட்டது மாதிரி பழுப்பு, ஒரு பக்கம் கோணல். வெயில் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. கறுப்பு அட்டை ஒன்றைப் பூவுக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள வெளிர்மஞ்சள் கோடுகள் ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம். வெளிர்நிறப் பூக்களில் இதன் சேதம் பளிச்சென்று தெரியும். டபுள் டிலைட் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

அடிபட்ட மொட்டு, பூ அத்தனையையும் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தொட்டியிலேயே போட்டால் பயன் இல்லை, பூச்சி கூட்டுப்புழு ஆவதே மண்ணிலும் சருகிலும்தான். பிறகு மாலையில் ஸ்பினோசாட் 45 எஸ்.சி. என்ற பூச்சிமருந்து, லிட்டர் தண்ணீருக்கு 0.3 மி.லி. இந்த அளவைத் தேக்கரண்டியால் எடுக்க முடியாது. மருந்துக்கடையில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் இன்சுலின் ஊசி கிடைக்கும். அதில் 12ஆவது கோடு வரை எடுத்தால் சரியாக 0.3. அந்த ஊசியை வேறெதற்கும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் கழித்து மருந்தை மாற்றி ஃபிப்ரோனில் 5 எஸ்.சி., லிட்டருக்கு 2 மி.லி. ஒரே மருந்தையே திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி பழகிவிடும். லேசான தாக்குதலுக்கு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் 1 மி.லி. போதும். மருந்தடித்த பூவில் குல்கந்து போடக் கூடாது.

நடுவில் இரண்டு மூன்று கண் வைத்து, குட்டை இதழ்கள் தட்டையாக நெருங்கி வருவது வேறு கதை. பலமாகக் கவாத்து செய்து, யூரியாவையும் கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் ஊற்றித் தள்ளினால் அடியிலிருந்து கிளம்பும் கொழுத்த குச்சியில் இது வரும். அந்த முதல் பூவை வெட்டிவிட்டுத் தழைச்சத்தை ஒரு மாதம் நிறுத்தினால் அடுத்த சுற்று சரியாகிவிடும். பூவின் நடுவே பச்சை இலை எட்டிப் பார்த்தாலும் ஒன்றிரண்டுக்குப் பயப்பட வேண்டாம். செடி முழுக்க, சுற்றுக்குச் சுற்று அப்படியே வந்தால் ஃபைட்டோபிளாஸ்மா என்ற, பாக்டீரியா போன்ற நுண்ணுயிரியால் வரும் நோயாக இருக்கலாம். செடியைப் பிடுங்கி எறிவதே மேல், பக்கத்துச் செடிகளாவது தப்பும்.

ஐப்பசி மழையில் வெளி இதழ்கள் ஈரத்தில் ஒட்டி, மொட்டு அழுகிய வெங்காயம்போல் நிற்கும். ஒட்டிய தோலை விரலால் உரித்துவிட்டால் சிலது விரியும். மழை நாளில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் இழுத்து வைக்கலாம். மார்கழிப் பனியில் சாம்பல் நோயும் இந்த ரகத்துக்குச் சுலபமாக வரும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம்.

வாங்கும்போது பெயர்ச்சீட்டை நம்பாதீர்கள், முகர்ந்து பாருங்கள். வாசனை இல்லாத இருநிற ரோஜா எதுவும் டபுள் டிலைட் இல்லை. ஓசூர்ப் பக்கமிருந்து வருகிற செடிகள் பல இறுகிய களிமண் உருண்டையில் இருக்கும். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, வெளிக்களிமண்ணை உதிர்த்த பிறகு 12 அங்குலத் தொட்டியில் வையுங்கள்: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒன்று, மணல் ஒன்று. ஒட்டுக்கட்டு (வேர்ச்செடியில் ரகத்தை ஒட்டிய இடம்) மண்ணுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும். அதற்குக் கீழிருந்து வரும் துளிரை வெட்டாமல் அடியோடு பிய்த்தெடுங்கள். விட்டால் ஒரு வருடத்தில் டபுள் டிலைட் காணாமல் போய், வேர்ச்செடியின் பூதான் பூக்கும்.

கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. இலை ஓரம் கருகி மொட்டு சிறுத்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மழைநீரைப் பிடித்து வைத்து, மாதம் ஒருமுறை தொட்டி அளவுக்கு இரண்டு மடங்கு ஊற்றி உப்பை வடித்துவிடுங்கள்.

பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் கவாத்துக் கத்தியை எடுக்க வேண்டியது நவம்பர் கடைசி வாரம், மழை விட்ட ஒரு நாளாகப் பார்த்து. வெட்டியதிலிருந்து பூவுக்கு 45 முதல் 50 நாள்.