பார்வை மெல்லக் குறையும்போது சிரிப்பு எங்கே கைகொடுக்கிறது, எங்கே மாட்டிவிடுகிறது

பார்வை மெல்ல மெல்லப் போகிறவர்களுக்குத் துக்கம் தவணை தவணையாக வருகிறது. முதலில் இருட்டில் நடப்பது போகும். சில வருடம் கழித்து வண்டி ஓட்டுவது. பிறகு கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுவது, அச்செழுத்தைப் படிப்பது, சட்டையின் நிறம். ஒன்றுக்குப் பழகி மூச்சு விடுவதற்குள் அடுத்தது வாசலில் நிற்கும். இந்த இடைவெளிகளில் பலரும் கையில் எடுப்பது அவல நகைச்சுவை, அதாவது தன் கண்ணை வைத்தே அடிக்கும் ஜோக். வெண்கோல், பேசும் கைபேசி மாதிரி இதுவும் ஒரு கருவிதான். பல வருடப் புழக்கத்தில் இது எங்கே உழைக்கிறது, எங்கே பழுதாகிறது என்று தெரிந்துவிடும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண் எந்த இடத்தில் தோற்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோயில், மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் கோல் வடிவச் செல்கள் முதலில் சாகின்றன. அதனால் இரவுப் பார்வை முதலில் போகிறது. பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல நடுப்பகுதி மட்டும் மிஞ்சுகிறது. கண் நரம்பைப் பாதிக்கும் கிளாக்கோமா முற்றினாலும் பெரும்பாலும் இதே கதைதான். விளிம்பில் கறுப்பு வளையம் எதுவும் தெரியாது. இல்லாத இடத்தை மூளை அக்கம்பக்கத்தை வைத்து ஒப்பேற்றிவிடும். ஸ்டூல் இருக்கும் இடத்தில் வெறும் தரை இருப்பதாகவே மனம் நம்பும், முட்டி இடிக்கும்வரை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நல்ல கண்கள் இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறக்குறைய 180 டிகிரி பார்க்கும். அதில் 10 டிகிரி மட்டும் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. தூரத்தில் அது சுமார் 5 செ.மீ. அகல வட்டம், கைபேசித் திரையின் ஒரு வரியில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். ஒரு மீட்டரில் 17 செ.மீ., ஒரு முகம் மட்டும். மூன்று மீட்டரில் அரை மீட்டர், ஒருவரின் தலையும் தோளும். பொடி எழுத்தைப் படிக்கிற அதே ஆள், எதிரில் நிற்பவர் இடுப்பளவில் நீட்டிய கையைக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டே நிற்பதற்கும், காலடியில் இருக்கும் வாளியை உதைத்துத் தள்ளுவதற்கும் இதுதான் காரணம். வெண்கோலோடு நின்று கைபேசி படிப்பவரைப் பார்த்து 'நடிக்கிறார்' என்று முணுமுணுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரிய வைப்பது நம் வேலையா என்று கோபம் வருவது நியாயம். ஆனால் கோபத்தைவிட ஒரு வரி ஜோக் வேகமாகப் போய்ச் சேர்கிறது.

விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் மாக்குலா சிதைவில் எல்லாம் தலைகீழ். ஓரம் நன்றாகத் தெரியும், நடுவில்தான் மங்கல். நாற்காலி மேசையில் இடிக்காமல் அறையைக் கடந்துபோவார், கொக்கியில் தொங்கும் மழைக்கோட்டிடம் நலம் விசாரிப்பார். ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதை நேராகப் பார்க்கக் கூடாது. பார்வையைக் கொஞ்சம் விலக்கி, காதையோ தோளுக்கு மேலேயோ பார்த்தால் விழித்திரையில் இன்னும் நன்றாக உள்ள பகுதியில் முகம் வந்து விழும். இது பயிற்சியால் வருவது. எந்தத் திசையில் விலக்கினால் தெளிவாகத் தெரிகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கடிகார முகப்பை மனத்தில் வைத்து, நடுவைப் பார்க்காமல் 12, 3, 6, 9 என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, எதைப் பார்க்கும்போது நடுப்பகுதி தெளிகிறது என்று கண்டுபிடிக்கலாம். இதில் வரும் சங்கடம் எதிராளிக்குத்தான். தன் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அப்போது சொல்ல ஒரு வரி தயாராக இருக்கட்டும்: "உங்கள் காதைப் பார்த்தால்தான் உங்கள் முகம் எனக்குத் தெரியும்."

இந்த வரியை ஏன் நல்ல ஜோக் என்கிறேன் என்றால், அது சிரிக்க வைத்துவிட்டு ஒரு தகவலையும் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. நீண்ட காலம் தாங்குபவை எல்லாம் இந்த ரகம்தான். வரி குட்டையாக இருக்கும், கண்ணுக்கு எது எட்டவில்லை என்று சொல்லும், எதிராளி என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கும். கைகுலுக்கலுக்கு: "கை நீட்டினால் வாயாலும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கை அங்கேயே காய்ந்துபோகும்." சத்தமில்லாமல் எழுந்து போகிறவர்களுக்கு: "கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போங்கள், நாற்காலி பதில் பேச மாட்டேன் என்கிறது." முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு: "நான் தள்ளுவண்டி இல்லை, உங்கள் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்." பிடிக்க வேண்டிய இடம் வழிகாட்டுபவரின் முழங்கைக்குச் சற்று மேலே. அரை எட்டு பின்னால் நடந்தால் அவர் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் கை வழியாகவே தெரிந்துவிடும்.

சொல்ல வேண்டிய நேரம் முக்கியம். சம்பவம் நடந்த சில நொடிகளுக்குள் சொன்னால் எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்து அதே வரி குத்திக்காட்டுவதுபோல ஒலிக்கும். ஆரம்பிக்கும் உரிமை கண்ணுக்குச் சொந்தக்காரருடையது. வீட்டில் இருப்பவர்கள் பின்னால் சேர்ந்துகொள்ளலாம், அவர் வைத்த அளவைத் தாண்டாமல். மற்றவர்கள் எல்லாம் சிரித்த பிறகு அவர் ஒப்புக்குச் சிரித்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். பார்வைப் புலப் பரிசோதனை முடிவு வந்த அன்று ஜோக்கே வேண்டாம். வட்டம் இன்னும் சுருங்கிவிட்டது என்று அன்றுதான் காகிதத்தில் அச்சாகி வந்திருக்கும். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

சமையலறைக்கு வருவோம், இந்த வகை நகைச்சுவையின் தலைநகரம் அதுதான். கோப்பையில் ஊற்றுவதாக நினைத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவது எல்லோருக்கும் நடக்கிறது. ஒரு கண் மற்றதைவிட அதிகம் பழுதானால் இரண்டும் சேர்ந்து தரும் ஆழக் கணிப்பு போய்விடும், விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. பாத்திரத்தின் மூக்கைக் கோப்பை விளிம்பில் தொட்டு வைத்த பிறகே சாய்க்க வேண்டும். கீழே விளிம்புள்ள தட்டு, தட்டுக்கடியில் நகராமல் இருக்க ஈரத்துணி. பால் ஊற்றக் கறுப்புக் கோப்பை, கறுத்த பானத்துக்கு வெள்ளைக் கோப்பை. குளிர்ந்த தண்ணீர் என்றால் விளிம்புக்குள் விரல் நுனியை விட்டு அளவு பார்க்கலாம். சூடான எதற்கும் அது கூடவே கூடாது.

சூடானதற்கு இருப்பது கோப்பை விளிம்பில் மாட்டும் சிறிய பீப் கருவி. அதிலிருந்து இரண்டு மூன்று உலோகக் கால்கள் கோப்பைக்குள் தொங்கும். திரவம் கால்களைத் தொட்டதும் அதன் வழியாக மின்சுற்று இணைந்து கத்தும். சில கருவிகளில் கால்கள் வெவ்வேறு நீளத்தில் இருக்கும், பாதியிலிருந்து மேலே வந்ததும் ஒரு ஒலி, நிறையப் போகும்போது வேறு ஒலி. இதன் பலவீனங்களை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய் மின்சாரம் கடத்தாது, அதனால் எண்ணெய் வழிந்து மேசையில் ஓடினாலும் கருவி மௌனமாகவே இருக்கும். நுரை வந்தால் கோப்பை நிறைவதற்கு முன்பே கத்திவிடும். கழுவிய பிறகு கால்களுக்கு நடுவில் ஈரம் நின்றால் காரணமில்லாமல் ஓயாது அலறும், துடைத்துக் காயவைத்தே எடுத்து வைக்க வேண்டும். தடித்த மண்கோப்பை விளிம்பில் சரியாக உட்காராது. பட்டன் பேட்டரி தீர்வதை அது முன்கூட்டிச் சொல்லாது, ஒலி மெலிந்துகொண்டே போகும். சூடாக எதையும் ஊற்றுவதற்கு முன் ஈர விரலால் கால்களை ஒருமுறை தொட்டுச் சோதிப்பது நல்ல பழக்கம்.

அடுப்புத் திருகியிலும் துவைக்கும் இயந்திரத்திலும் ஒட்டும் புடைப்புப் புள்ளிகள் நன்றாக உதவும், ஆனால் குறைவாக ஒட்டினால்தான். அணைந்த நிலைக்கு ஒன்று, வழக்கமாக வைக்கும் நிலைக்கு ஒன்று. உற்சாகத்தில் பத்து ஒட்டினால் விரலுக்கு எல்லாம் ஒன்றாகிவிடும். உப்புப் புட்டியில் ஒரு ரப்பர் வளையம், சர்க்கரையில் இரண்டு. கைபேசியில் திரைவாசிப்பான் பேசும்போது திரையை முழுவதும் இருட்டாக்கிவிடலாம். செத்த கைபேசியை ஒருவர் ஏன் தடவிக்கொண்டிருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் திகைப்பார்கள். திரை இருட்டு மற்றவர் கண்ணைத்தான் தடுக்கும், காதைத் தடுக்காது. அந்தரங்கச் செய்திகளுக்கு ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுங்கள், மறுகாது சுற்றுப்புறத்துக்கு வேண்டும்.

இனி சிரிப்பு மாட்டிவிடும் இடம். முட்டியில் உள்ள தழும்புகளை எண்ணிக் காட்டிச் சிரிக்கிறவர்கள் நிறையப் பேர். வெண்கோல் எடுக்கும் நாளைத் தள்ளிப்போட அந்தச் சிரிப்பு உதவுகிறது, அங்கேதான் ஆபத்து. ஒரே மாதிரி இடி ஒரு மாதத்தில் மூன்று தடவை நடந்தால் அதை அளவீடாக எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் தேவைப்படாவிட்டாலும் அந்திக்குப் பிறகு கோல் எடுக்கலாம், பையில் மடித்து வைத்துக்கொள்ளலாம். மெல்லிய அடையாளக் கோல் பார்ப்பவர்களுக்குச் சொல்வதற்கு மட்டும், தரையைத் துழாவ அது தாங்காது. துழாவ நீண்ட கோல் வேண்டும். இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1944 வாக்கில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. தரையிலிருந்து ஏறக்குறைய நெஞ்செலும்பு உயரத்துக்குக் கோல் இருக்க வேண்டும். தோள் அகலத்தைவிட இருபுறமும் கொஞ்சம் அதிகமாக வீச வேண்டும். வலது கால் முன்னே போகும்போது கோல் நுனி இடதுபக்கம் தொட வேண்டும், அப்போதுதான் அடுத்து இடது கால் வைக்கப்போகும் இடம் சோதிக்கப்பட்டிருக்கும்.

கோல் நுனி நடைபாதை வெடிப்பில் சிக்கினால் கைப்பிடி வயிற்றில் வந்து குத்தும். மெல்லிய நுனியில் இது அடிக்கடி நடக்கும், உருளும் பருத்த நுனியில் குறையும். பிடியைத் தளர்த்தி, சிக்கினால் கை பின்னால் நழுவ இடம் விட்டு வைத்தால் அடி குறையும். நுனி ஒருபக்கமாகத் தேய்ந்தால் கோல் ஒருபக்கம் இழுக்கும், மாற்றிவிடுங்கள். மடிக்கும் கோலுக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு தளர்ந்தால் மூட்டுகள் நடுவழியில் கழன்றுவிடும். நெற்றி உயரத்தில் திறந்து கிடக்கும் அலமாரிக் கதவைக் கோல் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும் அல்லது முழுக்க மூடியிருக்கட்டும், பாதி கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். இந்தச் சட்டத்தில் விளையாட்டுக்கு இடமில்லை.

கடைசியாக, பலரும் வெளியே சொல்லப் பயப்படும் ஒன்று. பார்வை குறைந்தவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: ஆட்கள், பறவைகள், கட்டங்கட்டமான வடிவங்கள், சில சமயம் சட்டமாக உட்கார்ந்திருக்கும் ஒரு அந்நியர். 1760இல் சுவிஸ் இயற்கை அறிஞர் சார்லஸ் போனே தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதி வைத்தார், இன்று போனேயின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படம் வரைகிறது, மனம் பேதலித்ததால் வருவதில்லை. உருவங்கள் பேசாது, தாம் காண்பது நிஜமில்லை என்பதும் பார்ப்பவருக்குப் புரியும். அந்நியருக்குப் பெயர் வைத்து வீட்டாரிடம் அவரைப் பற்றிப் பேசுவது பயத்தைப் பாதியாக்குகிறது. இந்தப் பட்டியலில் சிரிப்பு செய்யும் ஆகப் பெரிய உபகாரம் இதுதான் என்பேன். ஆனால் முதல் தடவை வந்ததும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், மருந்தோ வேறு நோயோ காரணமா என்று பார்க்க. உருவம் பேசினாலோ நிஜம் என்று தோன்றினாலோ அது வேறு விஷயம். திடீர் ஒளிக்கீற்றுகள், புதிதாக மிதக்கும் புள்ளிகள், திரை இறங்கியதுபோல ஒரு நிழல் என்றால் விழித்திரை பிரிவதாக இருக்கலாம், அன்றே போக வேண்டும்.

மங்கிய வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் உருவங்கள் அதிகம் வரும். விளக்கைப் போடுங்கள், எழுந்து நில்லுங்கள். தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடமும் வலமுமாக, நொடிக்கு ஒரு தடவை என்று பதினைந்து தடவை நகர்த்திப் பாருங்கள். கலையாவிட்டால் கையை நீட்டித் தொடுங்கள். "இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?" என்று வீட்டில் சத்தமாகக் கேட்கவும் தயங்க வேண்டாம். அந்த நாற்காலியில் உட்காரப் போவதற்கு முன் கேட்டுவிட்டால் போதும்.